களப் பரிசோதனைப் பெட்டி: கடலோரத் தண்ணீருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

ஜல் ஜீவன் திட்டம் 2019-ல் வந்த பிறகு, குடிநீரை ஊரிலேயே சோதிக்கும் களப் பரிசோதனைப் பெட்டி ஊராட்சிகளுக்குத் தரப்படுகிறது. ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சியும் உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடி, வாலிநோக்கம், ஏர்வாடி, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களில் அந்தப் பெட்டியைத் திறந்து வேலை பார்ப்பவர்களுக்காக இந்த மதிப்பீடு. பெட்டி நல்ல பெட்டி, ஊருக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். ஆனால் அது பெரும்பாலும் உள்நாட்டுக் கிணற்றுத் தண்ணீரை மனத்தில் வைத்துச் செய்தது. கூடவே வரும் தாளில் உள்ளபடி மட்டும் செய்தால், உப்புக் கரிக்கும் நம் தண்ணீரில் சில சோதனைகள் ஏமாற்றிவிடும்.

பிஎச் (தண்ணீரின் புளிப்பு, காரத்தைக் காட்டும் எண்), காரத்தன்மை, கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளூரைடு, இரும்பு, நைட்ரேட், பாஸ்பேட், எஞ்சிய குளோரின் என்று பல சோதனைகளுக்கான மருந்துகள் சின்னச் சின்னக் குப்பிகளில் இருக்கும். நம் கரையில் முதலில் கை வைக்க வேண்டியது குளோரைடில். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-படி குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1000 வரை பொறுத்துக்கொள்ளலாம். கடல்நீரில் ஏறத்தாழ 19,000 இருக்கிறது. நூற்றில் 2 பங்கு கடல்நீர் கலந்தாலே 380 கூடிவிடும், 5 பங்கு கலந்தால் 950. நாக்குக்கு லேசாகக் கரிக்கும் கிணறு தரத்தின் எல்லையைத் தாண்டிவிட்டதா என்பதை இந்தச் சோதனைதான் சொல்லும்.

செய்முறை எளிது. அளவுக் குழாயில் தண்ணீரை எடுத்து, பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு விட்டால் மஞ்சளாகும். பிறகு சில்வர் நைட்ரேட்டை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். மஞ்சள் செங்கல் நிறத்துக்கு மாறி, குலுக்கியும் கலையாமல் நின்றால் முடிந்தது. சொட்டுகளின் எண்ணிக்கையைத் தாளில் கொடுத்த எண்ணால் பெருக்கினால் விடை. சிக்கல் உப்பு அதிகமுள்ள தண்ணீரில் வருகிறது. சொட்டு விட விட வெள்ளையாகத் தயிர் போலத் திரண்டு, செங்கல் நிறம் எப்போது வந்தது என்றே கண்ணுக்குப் பிடிபடாது. பெட்டியிலேயே விலை கூடிய மருந்தான சில்வர் நைட்ரேட்டும் நாலைந்து சோதனையில் காலியாகிவிடும்.

அதனால் கரிக்கும் தண்ணீரை எப்போதும் நீர்த்த பிறகே சோதியுங்கள். 1 பங்கு தண்ணீருக்கு 9 பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து, வரும் விடையை 10-ஆல் பெருக்குங்கள். வண்டி பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். கேன் தண்ணீர் கூடாது, அதிலேயே கொஞ்சம் குளோரைடு இருக்கும். நீர்க்க எடுத்த டிஸ்டில்டு வாட்டரைத் தனியாக ஒருமுறை சோதித்துவிடுங்கள். முதல் ஓரிரு சொட்டிலேயே செங்கல் நிறம் வந்தால் அது சுத்தம். குப்பியைச் செங்குத்தாகக் கவிழ்த்துப் பிடித்துச் சொட்டு விட வேண்டும். சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறி, கணக்கும் மாறும். குப்பியின் மூக்கில் உப்புப் படிந்து அடைத்திருந்தால் துடைத்துவிட்டு, முதல் இரண்டு சொட்டைத் தூர விட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சவ்வு வழியே உப்பை வடிக்கும் ஆர்.ஓ. நிலையத்துத் தண்ணீரைச் சோதிக்கும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அதன் பிஎச் பெரும்பாலும் 7-க்குக் கீழே போய்விடும். புளிப்புத் தண்ணீரில் இந்தச் செங்கல் நிறம் சரியாகத் திரளாது. ஒரு சிட்டிகைச் சமையல் சோடாவைக் கரைத்துவிட்டுச் சோதித்தால் சரியாகிவிடும். அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஆழ்குழாய்த் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் விட்டதும் கறுத்தால், அது குளோரைடின் வேலை இல்லை. தண்ணீரில் சல்பைடு இருக்கிறது. அந்த அளவைப் பெட்டியை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கடினத்தன்மைச் சோதனை நம்பகமானது. திராட்சை ரசச் சிவப்பு சுத்த நீலமாகும் வரை சொட்டு விட வேண்டும், ஊதா நிறத்தில் நிறுத்திவிடக் கூடாது. ஃபுளூரைடின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், நிழலில் நின்று ஒப்பிடுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் சாயத்தை வெளுக்கச் செய்து, இல்லாத ஃபுளூரைடை இருப்பதாகக் காட்டும். இரும்புச் சோதனையைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.

நைட்ரேட் சோதனையை யாரும் பொருட்படுத்துவதில்லை. மீனவர் குடியிருப்புகளில் அதுதான் கக்கூஸ் குழியின் கதையைச் சொல்லும். உரம் போடும் வயல் பக்கத்தில் இல்லாத மணற்பாங்கான ஊரில் கிணற்று நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால், பெரும்பாலும் மலக்குழிக் கசிவுதான் காரணம். மணலில் தண்ணீர் வேகமாக நகரும், மழைக்குப் பிறகு நிலத்தடி நீரும் குழியின் அடிவரை ஏறிவிடும். குழிக்கும் கிணற்றுக்கும் 15 மீட்டர் இடைவெளி என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது இந்த மண்ணுக்குப் போதும் என்று நினைத்து இருந்துவிட முடியாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் 45-ஐத் தாண்டிய தண்ணீரில் பால்மாவு கலக்கவே கூடாது. காய்ச்சினால் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும்.

எஞ்சிய குளோரினைத் தொட்டியடியில் சோதித்துப் பதிவேட்டில் எழுதுவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. சோதிக்க வேண்டியது கடைசித் தெருவின் கடைசிக் குழாயில். காவிரிக் கூட்டுக் குடிநீர் நெடுந்தூரம் வருகிறது, வழியில் குளோரின் தேய்ந்துவிடும். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். நல்ல பவுடரானால் 1000 லிட்டருக்கு 2.5 கிராம். தனியாக ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்துவிடுங்கள். கடற்காற்றில் வாய் திறந்து கிடந்த மூட்டையில் வீரியம் இருக்காது, அந்தப் பவுடரை எவ்வளவு போட்டாலும் வீண்.

இனி கிருமிக்கான எச்2எஸ் குப்பி. இந்தத் தொகுப்பிலேயே அதிகப் பயன் உள்ளதும், நம் கரையில் அதிகம் தடுமாறுவதும் இதுதான். குப்பிக்குள் காய்ந்த மருந்து இருக்கும். கோடுவரை, பொதுவாக 20 மில்லி, தண்ணீர் ஊற்றி மூடி, 24 முதல் 48 மணி நேரம் வைத்தால், மலத்தோடு வரும் சில பாக்டீரியாக்கள் விடும் ஹைட்ரஜன் சல்பைடு மருந்திலுள்ள இரும்போடு சேர்ந்து கறுக்கும். மருந்தில் தயோசல்பேட்டும் இருப்பதால் குழாய்த் தண்ணீரின் குளோரினை அது முறித்துவிடும். தகரக் கூரையின் கீழ் வெயிலில் வைத்தால் கிருமி செத்து, கெட்ட தண்ணீரும் நல்லது போலத் தெரியும். மார்கழியில் 24 மணி நேரத்தோடு நிறுத்தாமல் 48 வரை பொறுத்திருங்கள்.

ஒரு குப்பி கறுக்கவில்லை என்பதற்காகத் தண்ணீர் நல்லது என்று எழுதிவிடாதீர்கள். 100 மில்லியில் ஈ.கோலி என்ற மலக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது தரம். குப்பி பிடிப்பதோ 20 மில்லி. ஒரே இடத்துத் தண்ணீரை ஐந்து குப்பிகளில் வையுங்கள், ஐந்துமே தெளிவாக இருந்தால்தான் கொஞ்சம் நம்பலாம்.

கறுத்தாலும் உடனே முடிவுக்கு வர முடியாது. கடல்நீரில் சல்பேட் அதிகம். காற்றுப் புகாத ஆழத்தில் அந்தச் சல்பேட்டைத் தின்று சல்பைடு விடும் பாக்டீரியாக்கள் மலத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமலே வாழ்கின்றன. அவையும் குப்பியைக் கறுக்க வைக்கும். 2002-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மதிப்பீடும் நிலத்தடி நீரில் இந்தக் குழப்பம் வரும் என்று எச்சரித்தது. ஊற்றிய சில நிமிடங்களிலேயே கறுத்தால் அது தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருந்த சல்பைடு, கிருமியின் வேலை அல்ல. வாடை அடிக்கும் ஆழ்குழாய் மெல்லக் கறுத்தால், கொதிக்கவைத்துச் சுத்தம் செய்த குப்பியில் மாதிரி எடுத்து, ஐஸ் வைத்து, அன்றே இராமநாதபுரத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்பி ஈ.கோலி பார்க்கச் சொல்லுங்கள். திறந்த ஊருணியோ, மணலில் தோண்டிச் சிரட்டையால் மொள்ளும் ஊற்றோ கறுத்தால் இந்தச் சந்தேகமே வேண்டாம். குளோரின் போட்டோ காய்ச்சியோதான் குடிக்க வேண்டும்.

கறுத்த குப்பிக்குள் பெருகிய கிருமி இருக்கிறது. பிளீச்சிங் கரைசலை ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுப் பிறகு கொட்டுங்கள். குரோமேட் கலந்த கழிவு நஞ்சு, கிணற்றடியில் கொட்டக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் கேனில் சேர்த்து ஆய்வகத்திடம் கொடுங்கள்.

இந்தக் குப்பியைக் கண்டுபிடித்தவர்கள் குவாலியரில் இருந்த பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் மஞ்சா, மவுரியா, ராவ் என்ற மூவர். 1982-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அரசுப் பணத்தில் நடந்த சின்ன ஆய்வு, நாடு நாடாகப் பரவியது. நம் ஊர் ஆர்.ஓ. நிலையத்துச் சவ்வின் தொடக்கமும் அப்படிப்பட்டதுதான். உவர்நீரைக் குடிநீராக்க அமெரிக்க அரசு 1952-ல் சட்டம் போட்டுப் பணம் ஒதுக்கியது. அதே பத்தாண்டின் கடைசியில் கலிஃபோர்னியாவில் லோபும் இந்தியாவில் பிறந்த சௌரிராஜனும் பயன்படத்தக்க சவ்வை உருவாக்கினார்கள். மண்டபத்தில் நிலையம் வைத்துக் கடற்பாசி ஆராயும் மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம், பாவ்நகரில் சவ்வு ஆராய்ச்சியும் செய்கிறது.

ஆகவே இந்தப் பெட்டியின் குறைகளைத் தீர்ப்பதும் ஆராய்ச்சிப் பணத்தின் வேலைதான். சல்பேட் தின்னும் பாக்டீரியாவையும் மலக் கிருமியையும் பிரித்துக் காட்டும் மலிவான குப்பி, 40 டிகிரி வெயிலிலும் ஓராண்டு கெடாத மருந்து, நீர்க்காமலே 5000 வரை அளக்கும் குளோரைடு சோதனை ஆகிய மூன்றும் வேண்டும். 2023-ல் சட்டமாகி வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுக்கு 50,000 கோடி ரூபாய் என்று திட்டமிடப்பட்டது. அதில் மிகச் சிறு துளி போதும். ஆனால் அந்த ஆய்வு ஏசி அறையில் முடிந்துவிடக் கூடாது. வாலிநோக்கத்துக் கிணற்றிலும் தொண்டி ஆழ்குழாயிலும், கோடையில் ஒருமுறை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருமுறை, ஆய்வக முடிவோடு அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

புதிதாகப் பெட்டி வாங்கும் ஊராட்சிகள் ஒவ்வொரு குப்பியிலும் காலாவதித் தேதி பாருங்கள். வெளிப்பெட்டியில் ஒட்டிய தேதி மட்டும் போதாது. சில்வர் நைட்ரேட் பழுப்பு நிறக் குப்பியில்தான் வர வேண்டும், வெள்ளைக் குப்பியில் வந்தால் திருப்பி அனுப்புங்கள். அது மட்டும் கூடுதலாக இரண்டு குப்பியும், எச்2எஸ் குப்பி ஒரு நீர் மூலத்துக்கு ஐந்து என்ற கணக்கிலும் கேட்டு வாங்குங்கள். பாஸ்பேட் மருந்து தீர்ந்தால் மறுபடி வாங்க அவசரமில்லை.