நீர்வேலி வரைக்கும் இருட்டில்: நான்கு சைக்கிள் லைற்றுகள்

யாழ்ப்பாண ரவுனில் வேலை முடித்து நீர்வேலிக்குச் சைக்கிளில் திரும்புகிற எனக்கு, ஐப்பசி பிறந்தால் தை வரைக்கும் வீடு வந்து சேருகிற நேரம் எல்லாம் இருட்டுத்தான். நல்லூர் தாண்டி கல்வியங்காடு வரைக்கும் கடை வெளிச்சத்தில் வந்துவிடலாம். இருபாலையும் கோப்பாயும் கழிந்த பிறகுதான் சிக்கல்: இரண்டு பக்கமும் தோட்டக் காணி, மழை வெட்டிவிட்ட தார் ஓரம், ரோட்டின் நடுவில் அசையாமல் படுத்திருக்கும் கறுத்த மாடு, லைற்றே இல்லாமல் எதிரே வரும் இன்னொரு சைக்கிள். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துப்போய் மறுபடி சைக்கிள் உழக்கத் தொடங்கினேன், இன்றுவரை விடவில்லை. அதற்குள் நான்கு விதமான லைற்றுகளைப் பூட்டிப் பார்த்தாயிற்று.

கடையில் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை லூமன்?" என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். லூமன் என்பது விளக்கு எல்லாத் திசைக்கும் சேர்த்துக் கொட்டுகிற மொத்த வெளிச்சம். அதில் எவ்வளவு ரோட்டில் விழுகிறது, எவ்வளவு வேலியிலும் பனை வட்டிலும் எதிரே வருபவர் கண்ணிலும் போய் விழுகிறது என்பதை அந்த எண் சொல்லாது. குறித்த இடத்தில் விழுகிற வெளிச்சத்தை லக்ஸ் என்பார்கள், சைக்கிள்காரருக்கு அதுதான் முக்கியம். மணிக்கு 18 கிலோமீற்றர் வேகம் என்றால் ஒரு செக்கனுக்கு 5 மீற்றர். கிடங்கைக் கண்டு, மூளைக்கு எட்டி, கை பிரேக்கை அமர்த்த இரண்டு செக்கன் போனால் 10 மீற்றர், நனைந்த ரிம்மில் நிற்க இன்னும் ஆறேழு மீற்றர். ஆக, முன்னால் இருபது இருபத்தைந்து மீற்றர் ரோடு ஒரே சீராகத் தெரிந்தால் எங்கள் வேகத்துக்குப் போதும். பனை உச்சிவரை தெரிய வேண்டிய தேவை இல்லை.

முதலில் வாங்கியது ரோச் லைற்றும் ஹாண்டிலில் பூட்டுகிற பிளாஸ்ரிக் பிடியும். பெட்டியில் ரி6 என்று எழுதி, நம்ப முடியாத அளவு லூமன் போட்டு விற்கிறார்களே, அதுதான். விலை மலிவு, கரண்ட் போனால் வீட்டிலும் பிடிக்கலாம், பஞ்சர் ஒட்டும்போது கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாம், இதெல்லாம் உண்மையான நன்மைகள். ஆனால் ரோச்சின் ஒளி வட்டமானது. நடுவில் கண்ணைப் பறிக்கும் ஒரு பொட்டு, சுற்றிவர மங்கல். தூரம் தெரிய வேண்டும் என்று நிமிர்த்திப் பூட்டினால் வட்டத்தின் மேல் பாதி முழுக்க எதிரே வருபவர் முகத்தில்தான் போய் விழும்.

கோப்பாய்ப் பக்கம் ஒரு மாலை நடந்ததை மறக்க மாட்டேன். எதிரே சைக்கிளில் வந்த ஒரு ஐயா ஒரு கையை ஹாண்டிலில் இருந்து எடுத்து நெற்றிக்குக் குடை பிடித்தார், முன் சில்லு தார் ஓரத்தில் இருந்து சறுக்கியது, காலை ஊன்றி ஒருமாதிரி விழாமல் நின்றுகொண்டார். நான் இறங்கி ஓடிப்போனேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, உந்த லைற்றைக் கொஞ்சம் பதிச்சுக் கட்டு ராசா, எனக்கு ரோட்டே தெரியேல்லை" என்றார். அவருடைய சைக்கிளில் மினுங்கியது ஒரு சின்ன மஞ்சள் பல்ப். அன்றைக்கே ரோச்சைப் பதித்தேன், பதித்ததும் எனக்கு முன்னால் ஐந்தாறு மீற்றருக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ரோச்சின் குறை அதுதான்: நீங்கள் பார்க்க வேண்டும் என்றால் எதிரே வருபவர் குருடாக வேண்டும்.

பற்றரிக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். இந்த ரோச்சுகளில் போடுவது 18650 என்கிற பற்றரி, 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். அந்த உடம்புக்குள் அடங்குவது, நல்ல கம்பனிப் பற்றரி என்றாலும், 3500 மில்லி அம்பியர் மணிக்குக் கிட்டத்தான். மேலுறையில் 9900 என்று அச்சடித்திருந்தால் அது பொய், வேறு விளக்கம் இல்லை. ஒரு சாதாரண 2500 பற்றரியை 3.7 வோல்ற்றால் பெருக்கினால் ஒன்பது வாற் மணிக்குச் சற்று மேல், எல்ஈடியோ முழு வெளிச்சத்தில் பத்து வாற் அளவு குடிக்கும், ஆக ஒரு மணித்தியாலம்கூட வராது. பெட்டியில் எழுதியிருக்கும் பத்து மணித்தியாலம் குறைந்த வெளிச்சத்துக்கு உரியது. என்னுடையது ஒருநாள் இருபாலை முடக்கில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அணைந்துபோனது.

அடுத்து, மூன்று நான்கு எல்ஈடி சேர்ந்து, தனிப் பற்றரிப் பையைச் சட்டத்தில் கட்டி வயர் இழுக்கிற பெரிய லைற். ஒரு சிநேகிதரிடம் ஒரு கிழமை இரவல் வாங்கி ஓடினேன். வெளிச்சம் ஏராளம், பற்றரியும் நீடிக்கும், ஆனால் ரோச்சின் குற்றம் இதில் நான்கு மடங்கு. குச்சொழுங்கையில் இதைப் போட்டுக்கொண்டு போவது அயலவருக்குச் செய்கிற அநியாயம். கார்த்திகை மழை விட்ட ஓர் இரவு, லைற்றுக்கு வந்த ஈசல் எல்லாம் என் வாய்க்குள் வந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது, மேல் விளிம்பு வெட்டிய ஒளி தருகிற, யூஎஸ்பியில் சார்ஜ் ஏறுகிற சைக்கிள் லைற். கார் லைற்றைப் போல, குறித்த உயரத்துக்கு மேல் ஒளி போகாமல் உள்ளே இருக்கிற கண்ணாடி அதைக் கீழே மடக்கிவிடும். ஜெர்மனியின் வீதி விதி சைக்கிளுக்கு இப்படியான லைற்றைத்தான் கேட்கிறது: 10 மீற்றர் தூரத்தில் குறைந்தது 10 லக்ஸ் இருக்க வேண்டும், மேலே எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யக்கூடாது. அங்கீகாரம் பெற்றதில் ஓர் அலைக்கோடும் 'கே' எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். புஷ் அன்ட் முல்லர் போன்ற ஜெர்மன் கம்பனிகள் இதில் பழம் தின்று கொட்டை போட்டவை. அவற்றை இங்கே கடையில் எடுப்பது கஷ்டம், என்னுடையது வெளிநாட்டில் இருந்து வந்த மச்சானின் பெட்டியில் வந்தது. விலை ரோச்சைவிடப் பல மடங்கு, மறைக்கவில்லை. ஆனால் முதல் இரவே விளங்கிவிட்டது. ரோட்டில் பாய் விரித்த மாதிரி ஓர் அகன்ற வெளிச்சம், சில்லுக்குக் கிட்ட மெல்லிதாக, தூரத்தில் அடர்த்தியாக. கிடங்கின் ஓர நிழல்கூடத் தெரிகிறது. எதிரே வருகிறவர்கள் கையைத் தூக்குவதில்லை. ரோச்சின் முழு வெளிச்சத்தில் அரைவாசிகூட இதற்குச் செலவில்லை, அதனால் மூன்று இரவு ஓடிய பிறகு சார்ஜ் போட்டால் போதும்.

பூட்டுகிற விதம் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த லைற்றும் கண்ணைக் குத்தும். சைக்கிளை மதிலுக்கு நேரே 5 மீற்றர் தள்ளி நிறுத்துங்கள். லைற் நிலத்தில் இருந்து ஒரு மீற்றர் உயரத்தில் என்றால், மதிலில் தெரிகிற வெட்டுக்கோடு முக்கால் மீற்றரில் இருக்க வேண்டும். அப்போது அந்தக் கோடு 20 மீற்றரில் ரோட்டைத் தொடும். பிடிக்குக் கீழே பழைய ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி வைத்து இறுக்கினால் குலுக்கலுக்குக் குனியாது.

நான்காவது டைனமோ. இதைப் பற்றிக் கதைக்கும்போது நான் நடுநிலையாக இருக்க முடியாது. தொண்ணூறுகளில் கரண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை என்றிருந்த நாள்களில், எங்கள் வீட்டு முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, அண்ணா பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோவில் பிபிசி தமிழோசை கேட்டிருக்கிறோம். சுற்று குறைந்தால் செய்தி மங்கும், உள்ளே இருந்து அம்மா சத்தம் போடுவார். அந்த டைனமோதான் இன்றும்: 6 வோல்ற், 3 வாற், அதில் 2.4 வாற் முன் லைற்றுக்கு. அன்றைக்கு அந்த 2.4 வாற்றில் கிடைத்தது ஒரு மஞ்சள் மினுக்கம். இன்று அதே மின்சாரத்தில் நல்ல எல்ஈடி பல மடங்கு வெளிச்சம் தரும். டைனமோவுக்கென்றே செய்த எல்ஈடி லைற்றாக வாங்குங்கள். டைனமோ தருவது மாறுமின்னோட்டம், சும்மா பற்றரிக்கான எல்ஈடியைக் கொழுவினால் துடிக்கும், இறக்கத்தில் வேகம் ஏறினால் எரிந்தும் போகும். நல்லதில் சைக்கிள் நின்ற பிறகும் சில நிமிடம் சின்ன வெளிச்சம் தங்கும்.

சார்ஜ் போட மறக்கிறவர்களுக்கு டைனமோவை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் மாரி மழையில் ரயர் நனைந்தால், அதில் உரசிச் சுழல்கிற டைனமோ உருளை வழுக்கும், சரியாக மழை நேரத்தில்தான் வெளிச்சம் தடுமாறும். எதிர்க்காற்றில் அந்த உரசலின் இழுவையும் காலில் தெரியும். சில்லின் குடத்துக்குள்ளேயே இருக்கிற டைனமோ இந்த இரண்டு குறையையும் பெரும்பாலும் தீர்க்கும், ஆனால் சில்லையே புதிதாகக் கட்ட வேண்டும்.

மழைக்கு, லைற் எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்று சொல்கிற ஐபிஎக்ஸ் எண்ணைப் பாருங்கள்: ஐபிஎக்ஸ் 4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், எங்கள் மழைக்கு அதற்கு மேல் இருந்தால் நல்லது. சார்ஜ் துவாரத்து ரப்பர் மூடி தளர்ந்ததை வாங்கவே வேண்டாம், பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போய் வருகிறவர்களுக்கு உப்புக்காற்று அந்தத் துவாரத்தைத்தான் முதலில் அரிக்கும். விட்டு விட்டு மின்னுகிற முறையை இருட்டு ரோட்டில் போடாதீர்கள், நீங்கள் எவ்வளவு தூரத்தில் வருகிறீர்கள் என்று எதிரே வருபவரால் கணக்குப் பிடிக்க முடியாது.

என் தெரிவு மேல் விளிம்பு வெட்டிய லைற்தான், தினமும் இருட்டில் ஓடுகிற எவருக்கும் அதையே சொல்வேன், காசு சேர்த்தாவது வாங்குங்கள். சார்ஜ் பற்றி நினைக்கவே விரும்பாத அப்பாவின் சைக்கிளுக்கு டைனமோவும் எல்ஈடியும் பூட்டிக் கொடுத்தேன். ரோச்தான் கையில் இருக்கிறது என்றால் நன்றாகப் பதித்து, நடு வெளிச்சத்தில் வைத்து, மெதுவாக வாருங்கள். தங்கச்சியின் சைக்கிளில் முன்கூடை இருப்பதால் ஹாண்டிலில் பூட்டிய லைற் கூடையின் நிழலைத்தான் ரோட்டில் போட்டது, அதைக் கழற்றிக் கூடைக்கு முன்னால் மட்கார்ட் கம்பியோடு இறக்கிப் பூட்டினோம், பிறகு மதிலில் கோட்டைப் புதிதாக அளந்து வைத்தோம்.