அந்தால்யா: கைப்பட்டையைக் கழற்றிவிட்டு ஊருக்குள் வாருங்கள்

சிங்கப்பூரிலிருந்து துருக்கிக்குக் குழுச் சுற்றுலா போகும் நம் ஆட்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். இஸ்தான்புல், கப்பதோக்கியா பலூன், பாமுக்கலே, அப்புறம் கடைசியாக இளைப்பாற அந்தால்யா. இந்த "இளைப்பாற" என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. முன்னால் மத்தியதரைக் கடல், பின்னால் மலைத்தொடர், பெர்கமோன் மன்னன் இரண்டாம் அத்தாலோஸ் கிமு 2ஆம் நூற்றாண்டில் அமைத்த பழைய ஊர், அதைச் சுற்றி ஒரு மணி நேரத் தூரத்துக்குள் பெரிய பெரிய தொல்நகரங்கள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு லாரா கடற்கரை ஓட்டலில் கையில் பிளாஸ்டிக் பட்டை கட்டி மூன்று வேளையும் பஃபேயில் உட்கார வைத்துவிடுகிறார்கள். நீச்சல்குளமும் பஃபேயும் வேண்டுமென்றால் பக்கத்துத் தீவுகளான பாத்தாமிலும் பிந்தானிலும் கிடைக்கிறது, அதற்காகப் பதினொரு மணி நேரம் பறக்க வேண்டாம்.

நாங்கள் ஜூன் பள்ளி விடுமுறையில் போனோம். அம்மா, தம்பி, தொடக்கநிலை ஐந்து படிக்கும் என் மகன், நான். முதல் பாதி குழுவோடு. குழு ஊர் திரும்பிய பிறகு நாங்கள் மட்டும் பழைய நகரத்துக்கு மாறிக்கொண்டோம். அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

குழுவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. பேருந்து நன்றாக இருந்தது, வழிகாட்டி அன்பானவர், அம்மாவை ஒவ்வொரு படியிலும் கைபிடித்து இறக்கிவிட்டார். ஆனால் அஸ்பெண்டோஸ் அரங்கத்தில் கொடுத்த நேரம் முக்கால் மணிகூட இல்லை. அன்றைக்கே ஒரு நகைக் காட்சிக்கூடத்திலும் தோல் உடைக் கடையிலுமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனது. தோல் கடையில் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஆப்பிள் தேநீர் கொடுத்து, ஒவ்வொருவர் தலையிலும் ஒரு சட்டையைக் கட்டிவிடப் பார்க்கிறார்கள். பயணத் திட்டத்தில் இது "கைவினைப் பட்டறை பார்வையிடல்" என்று இருந்தது. நீங்கள் முன்பணம் கட்டுமுன் ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நிமிடம், எத்தனை கடை என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம், ஆயிரக்கணக்கில் வெள்ளி கொடுக்கிறோம்.

அஸ்பெண்டோஸுக்கு முக்கால் மணி நேரம் கொடுப்பது அநியாயம். ரோமர் காலத்து அரங்கங்களில் இவ்வளவு முழுசாக நிற்பவை மிகக் குறைவு. மற்ற ஊர்களில் பார்வையாளர் படிகள் மட்டும் மிஞ்சியிருக்கும், இங்கே மேடைக்குப் பின்னாலுள்ள சுவர் அத்தனை உயரத்துக்கும் அப்படியே நிற்கிறது. மார்க்கஸ் அவ்ரேலியஸ் காலத்தில், அதாவது கிபி 161க்கும் 180க்கும் இடையில், செனோன் என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர் கட்டியது. பிறகு செல்ஜுக் துருக்கியர் இதைத் தங்களுக்கென்று எடுத்துப் புழங்கினார்கள், அதனால்தான் இடிந்து போகாமல் தப்பியது. அவர்கள் பூசிய, கோலம் போன்ற சிவப்பு நெளிகோட்டுப் பூச்சு சில இடங்களில் இன்னும் தெரிகிறது. நாங்கள் தனியாக இரண்டாவது தடவை போனபோது கூட்டம் வருமுன் போய்விட்டோம். நான் மேலே வளைவுகள் வரிசையாக இருக்கும் நடை வரைக்கும் ஏறியிருந்தேன், அம்மா கீழ்ப்படிகளில். என் மகன் மேடைப் பக்கம் நின்றுகொண்டு சாதாரணக் குரலில் "பாட்டி, பசிக்குது" என்றான். எனக்கு அது மேலே, அடுத்த படியில் நின்று சொன்னதுபோல் கேட்டது. ஒலிபெருக்கி இல்லை, ஒன்றுமில்லை. 1994இலிருந்து இங்கே ஆப்பெரா, பாலே விழா நடத்துகிறார்கள். உங்கள் தேதிக்கு ஒத்துவந்தால் நிச்சயம் டிக்கெட் எடுங்கள். படிகள் செங்குத்து, கைப்பிடி கிடையாது, முட்டி வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடலாம், அங்கிருந்தும் குறைவில்லாமல் பார்க்கலாம்.

சரி, பழைய நகரம். கலெய்ச்சி என்று பெயர். மேல்மாடி மரச் சன்னல்களோடு தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் உதுமானியர் கால வீடுகள், சந்துக்குச் சந்து நாரத்தை போன்ற கசப்பு ஆரஞ்சு மரங்கள். பழைய வீடுகள் பலவற்றைச் சிறிய விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள், அதில் ஒன்றில்தான் தங்கினோம். பெரிய ஓட்டல் வசதி இருக்காது, மின்தூக்கி இருக்காது, குளியலறை குறுகலாக இருக்கும். ஆனால் காலையில் கதவைத் திறந்தால் ஊருக்குள் நிற்கிறீர்கள். பெட்டி கனமாக இருந்தால் கல் பாவிய தெருவில் சக்கரம் உருளாது, அதை மட்டும் மனதில் வையுங்கள்.

ஊருக்குள் நுழையும் ஹேட்ரியன் வாசலை எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கிபி 130இல் பேரரசன் ஹேட்ரியன் வந்ததற்காகக் கட்டிய மூன்று வளைவு வாசல். ஒரு நிமிடம் குனிந்து காலடியைப் பாருங்கள். அந்தக் காலத்து வண்டிச் சக்கரங்கள் உருண்டு உருண்டு கல்லில் பதிந்த தடம் தெரியும். உள்ளே நடந்தால் கெசிக் மினாரே. ரோமர் கோயில் நின்ற இடத்தில் தேவாலயம், பிறகு பள்ளிவாசல், 1896இல் தீப்பிடித்துப் பல காலம் மொட்டைக் கோபுரத்தோடு பாழாகக் கிடந்து, இப்போது சீரமைத்து மறுபடியும் தொழுகை நடக்கிறது. 13ஆம் நூற்றாண்டு யிவ்லி மினாரே, உடம்பு முழுக்கக் குழல் குழலாக வரி விழுந்த செங்கல் கோபுரம், ஊரில் எங்கே நின்றாலும் கண்ணில் படும். வழி தவறினால் அதைப் பார்த்து நடங்கள்.

துறைமுகம் பாறைக்குக் கீழே இருக்கிறது, படி இறங்கி ஏற வேண்டும். சதுக்கத்துப் பக்கம் கண்ணாடி மின்தூக்கி ஒன்று இருக்கிறது, இலவசம். அம்மாவுக்கு அது பெரிய உதவி. கீழே படகுக்காரர்கள் கூவிக் கூவி அழைப்பார்கள். கீழ் துதென் அருவி வரை போய்வரும் படகில் ஏறுங்கள். ஏறக்குறைய 40 மீட்டர் உயரப் பாறையிலிருந்து ஆறு நேராகக் கடலில் விழுகிறது. மேலே பூங்காவில் நின்று பார்த்தால் தண்ணீர் போவதுதான் தெரியும், விழுவது முழுதாகத் தெரியாது. படகில் போனால்தான் முகத்தில் சாரல் அடிக்கும். விலையை முதலாமவர் சொன்னதோடு நிறுத்தாமல் நாலு பேரிடம் கேளுங்கள், பாட்டுச் சத்தம் வேண்டாம் என்றால் சிறிய படகாகப் பாருங்கள். நேரம் இருந்தால் மேல் துதென் அருவிக்கும் ஒரு எட்டு போகலாம், அருவிக்குப் பின்னால் குகைக்குள் நடக்கலாம், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

கடற்கரை பற்றிச் சுருக்கமாக. லாராவில் மணல், கொன்யால்த்தியில் கூழாங்கல். எனக்குக் கொன்யால்த்திதான் பிடித்தது, தண்ணீர் தெளிவு, மேற்கே மலை கடலுக்குள் இறங்குவதுபோல் நிற்கும். கல் சுடும், ரப்பர் செருப்போடு இறங்குங்கள், சட்டென்று ஆழமாகும், பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள்.

என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் உச்சம் தெர்மெசோஸ். எந்தக் குழுத் திட்டத்திலும் இது இருந்ததாக நான் பார்க்கவில்லை, பேருந்து மலைமேல் போகாது, நடக்கவும் வேண்டும். நகரத்திலிருந்து வடமேற்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். டாக்சிக்காரரிடம் காத்திருக்கும் நேரத்தோடு சேர்த்து விலை பேசிக்கொண்டு தம்பியும் மகனும் நானும் போனோம். தேசியப் பூங்கா வாசலிலிருந்து காட்டுப்பாதையில் ஒன்பது கிலோமீட்டர் கார் ஏறும், அங்கிருந்து நம் கால்கள்தான். கடல் மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டர் உயரத்தில் ஒரு முழு நகரம் மரங்களுக்கு நடுவே சரிந்து கிடக்கிறது. கிமு 333இல் அலெக்சாண்டர் முற்றுகையிட்டுப் பார்த்துவிட்டு, முடியாது என்று விட்டுப் போன ஊர் இது. ஏறிப் பார்த்தால் ஏன் என்று கேள்வியே வராது.

அரங்கம் மலை விளிம்பில் இருக்கிறது. படியில் உட்கார்ந்தால் மேடைக்குப் பின்னால் பாறை முகடு, அதற்கப்பால் பள்ளத்தாக்கு. நாங்கள் போன காலையில் எங்களைத் தவிர ஒரு ஜெர்மன் தம்பதி மட்டும். வேலி, கயிறு, விளக்கப்பலகைக் கூட்டம் எதுவும் பெரிதாக இல்லை. பாறையில் வெட்டிய தண்ணீர்த் தொட்டிகள் ஆழமானவை, பிள்ளைகளின் கையை விடாதீர்கள். இன்னும் மேலே போனால் கல்லறைக் காடு. கல் பேழைகள் நூற்றுக்கணக்கில், மூடி பெயர்ந்து, புரண்டு, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. புதையல் தேடியவர்கள் உடைத்தது பாதி, நிலநடுக்கம் தள்ளியது பாதி.

அங்கே ஒரு பாறையில் குதிரைவீரன் சிற்பம் இருக்கிறது, அல்கெதாஸ் கல்லறை என்கிறார்கள். அலெக்சாண்டர் இறந்த பிறகு அவன் தளபதிகள் அடித்துக்கொண்டபோது, தோற்ற அல்கெதாஸ் இந்த ஊரில் அடைக்கலம் புகுந்தார். இளைஞர்கள் அவரைக் காப்பதாகச் சொன்னார்கள். எதற்கு வம்பு என்று பெரியவர்கள், இளைஞர்கள் சண்டைக்கு வெளியே போன நேரம் பார்த்து அவரைப் பிடித்துக்கொடுக்க முடிவெடுத்தார்கள். அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார், உடலை எதிரி வாங்கிச் சிதைத்துவிட்டு விட்டுப்போனான். திரும்பி வந்த இளைஞர்கள் ஊரைக் கொளுத்தும் கோபத்தில் இருந்து, பிறகு அடங்கி, உடலை எடுத்து மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். இதைச் சொன்னதும் என் மகன் சிற்பத்துக்கு முன்னால் வெகுநேரம் நகரவில்லை, அந்தப் பெரியவர்களை என்ன செய்தார்கள் என்று இறங்கும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். மேலே கடை கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது தூக்கிப் போங்கள், வழுக்காத காலணி கட்டாயம்.

இன்னொரு தொல்நகரமான பெர்கே, சமவெளியில் இருப்பதால் சுலபம். டிராமில் அக்சு நிறுத்தம் வரை போய் நடக்கலாம், நிழல் இல்லாத வழி என்பதால் காலையிலேயே போங்கள். நடுத்தெருவில் ஓடிய நீரோடைக் கால்வாய் அப்படியே இருக்கிறது. நகர வாசலை அழகுபடுத்தியது பிளான்சியா மாக்னா என்ற பெண், கிபி 2ஆம் நூற்றாண்டில் ஊரின் உயர்ந்த பதவிகளில் இருந்தவர். பெர்கேயில் கிடைத்த சிலைகள் அந்தால்யா அருங்காட்சியகத்துக்குப் போயின, அந்தக் கட்டடத்தை 2025இல் இடித்துக் கட்டுவதற்காக மூடினார்கள், அதனால் புறப்படுமுன் நிலவரம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குப் பிடித்தது யனார்தாஷ். தென்மேற்கே சிராலி கிராமத்துக்கு மேல், மலைச்சரிவில் பாறை இடுக்குகளிலிருந்து தானாக வரும் மீத்தேன் வாயு எரிந்துகொண்டே இருக்கிறது, பல நூற்றாண்டுகளாக. கிரேக்கர்கள் நெருப்புக் கக்கும் கிமேரா விலங்கின் கதையை இந்த இடத்தோடு சேர்த்துச் சொன்னார்கள், பக்கத்திலேயே அவர்களுடைய கொல்லர் தெய்வத்தின் கோயில் இடிபாடு. ஒரு கிலோமீட்டர் ஏற்றம், அம்மா நின்று நின்று ஏறினார். மேலே சிலர் குச்சியில் மிட்டாய் வாட்டிக்கொண்டிருந்தார்கள், அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். இமாசலப் பிரதேசத்து ஜுவாலாமுகி கோயிலிலும் இப்படித்தான் பூமியிலிருந்து சுடர் வருகிறது, அங்கே போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இருட்டிய பிறகு போனால்தான் சுடர் நன்றாகத் தெரியும், கைவிளக்கு எடுத்துப் போங்கள்.

சாப்பாட்டில் முஸ்லிம் நண்பர்களுக்குக் கவலையே இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் சமாளிக்க முடியும். எள் விழுதும் வினிகரும் சேர்த்த வெள்ளை அவரை பியாஸ் இந்த ஊரின் சிறப்பு, முட்டை வேண்டாமென்றால் முன்பே சொல்லுங்கள். கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுடும் கோஸ்லெமே, ஆலிவ் எண்ணெயில் வதக்கி ஆறவைத்துப் பரிமாறும் காய்கறிகள், உப்புப் போட்ட நம் மோர் மாதிரியே இருக்கும் ஐரான். பருப்புச் சூப்பில் இறைச்சிச் சாறு சேர்ப்பது உண்டு, கேட்டுக் குடியுங்கள். பாலை வேண்டுமென்றே அடிப்பிடிக்க விட்டுச் செய்யும் ஐஸ்கிரீம் ஒன்று இங்கே கிடைக்கும். முதல் கரண்டியில் அம்மா "பால் தீஞ்சிருக்கே" என்று முகம் சுளித்தார், ஆனால் கிண்ணத்தைத் திருப்பித் தரவில்லை.

நடைமுறை விஷயம். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நேரடி விமானம் இல்லை, இஸ்தான்புல்லில் மாற வேண்டும். அந்தால்யா விமான நிலையத்திலிருந்து டிராம் இருக்கிறது, இஸ்மெத்பாஷா நிறுத்தத்தில் இறங்கினால் கலெய்ச்சி நடக்கும் தூரம். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை, இந்தியப் பாஸ்போர்ட்டில் நிரந்தரவாசியாக இருப்பவர்களுக்குத் தேவை, அமெரிக்க, ஷெங்கன், பிரிட்டிஷ், ஐரிஷ் விசா ஏதாவது ஒன்று செல்லுபடியாக இருந்தால் மின்விசா எளிது. தொல்லியல் இடங்களின் கட்டணம் வெளிநாட்டவருக்கு யூரோவில், குறைந்ததாக இல்லை, மூன்று நான்கு இடம் போவதாக இருந்தால் அந்த வட்டாரத்துக்கென்று இருக்கும் அருங்காட்சியகப் பாஸைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஜூனில் மதியம் வெயில் கடுமை, ஆனால் இரவு எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும், அதனால் காலை ஏழிலிருந்து பதினொன்று வரை ஒரு இடம், நடுவில் அறையில் ஓய்வு, ஐந்து மணிக்கு மேல் மறுபடி கிளம்பலாம். ஆண்டிறுதி விடுமுறைக்குத்தான் போக முடியும் என்பவர்கள் பள்ளி மூடிய உடனே கிளம்பிவிடுங்கள், டிசம்பர் ஏற ஏற மழை பிடித்துக்கொள்ளும், தெர்மெசோஸ் பாதையில் ஈரக்கல்லில் கால் வைக்க முடியாது.