ஸ்ட்ரிப்பா, சென்சாரா: அரசுத் திட்டத்தில் எதைக் கேட்பது?

தினமும் நாலு வேளை இன்சுலின் போட்டுக்கொள்கிறவன் நான். அரசுத் திட்டத்தில் சுகர் பார்க்க ஸ்ட்ரிப், சென்சார் இரண்டில் எதைக் கேட்டு வாங்கலாம் என்றால், தோலில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சுகரை அளக்கும் சென்சார் என்றுதான் சொல்வேன். நானும் அதற்குத்தான் மாறினேன்.

விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்துப் பார்க்கும் குளுக்கோமீட்டரின் நல்லது எல்லோருக்கும் தெரிந்ததே. விலை குறைவு, ரத்தத்தையே நேரடியாக அளக்கிறது. விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் சுகரை ஏற்றிக் காட்டும். கையைக் கழுவிவிட்டுக் குத்தினால் போதும்.

ஆனால் அது தருவது ஒற்றை எண். படுக்கப்போகும்போது 110 காட்டினால், அது ஏறிக்கொண்டிருக்கும் 110-ஆ, இறங்கிக்கொண்டிருக்கும் 110-ஆ? சென்சாரில் எண்ணுக்குப் பக்கத்திலேயே அம்புக்குறி இருக்கும். கீழே சாய்ந்திருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன். தூக்கத்தில் சுகர் 70-க்குக் கீழே போனால் அலாரம் எழுப்பிவிடும்.

சரி, திட்டம் என்று வந்தால் எல்லாம் அடுத்த சரக்கு எப்போது வரும் என்பதில்தான் நிற்கிறது. லிப்ரே 2 என்ற சென்சார் 14 நாள் ஓடும். வருடத்துக்கு 26 வேண்டும். அந்த 26-ஐ மட்டும் எண்ணிக் கொடுத்தால் போதாது. சட்டையைக் கழற்றும்போது ஐந்தாம் நாளே பிய்ந்து வந்துவிட்டால் மீதி ஒன்பது நாளுக்கு என்ன செய்வது? ஸ்ட்ரிப்பில் இந்தத் தொல்லை இல்லை, ஒன்று வீணானால் டப்பாவில் அடுத்தது இருக்கும். அதற்காக ஸ்ட்ரிப் கொடுத்தால் செலவு மிச்சம் என்றும் சொல்லிவிட முடியாது. உடம்பில் இன்சுலின் சுரக்காத டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர் தினம் 4 தடவையாவது பார்க்க வேண்டும், வருடத்துக்கு 1,460 ஸ்ட்ரிப். அதில் பாதியைக் கொடுத்துவிட்டு மிச்சம் பிடித்தோம் என்றால், அது நோயாளி பார்க்காமல் விட்ட சுகரில் பிடித்த மிச்சம்.

இங்கிலாந்தில் எந்தச் சிகிச்சை தரலாம் என்று சொல்லும் அமைப்பான நைஸ் 2022-இல் கொண்டுவந்த வழிகாட்டுதல், டைப் 1 உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் சென்சார் தரச் சொன்னது. கூடவே தேவையான அளவு ஸ்ட்ரிப்பும் கொடுக்கச் சொல்கிறது. அதுதான் சரி. சென்சார் அளப்பது தோலுக்கு அடியில் உள்ள திரவத்தை. சுகர் வேகமாக இறங்கும்போது சில நிமிடம் பின்தங்கும். உடம்பு நடுங்குகிறது, திரையில் எண் நன்றாக இருக்கிறது என்றால் நான் விரலைத்தான் நம்புவேன்.

மாத்திரை மட்டும் போடும் டைப் 2 காரர்களுக்கு எது சரி என்பதில் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. லோ சுகர் வராத மாத்திரை என்றால் ஸ்ட்ரிப்பே போதும் என்று தோன்றுகிறது, டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், மூன்று மாதம் சென்சார் கொடுத்துவிட்டு நிறுத்திவிடும் திட்டமாக இருந்தால்? நானே ஸ்ட்ரிப் பக்கம் போய்விடுவேன், மாதாமாதம் குறையாமல் தருவார்கள் என்றால்.