அஞ்சலட்டையா, இன்லண்ட் லெட்டரா?

வெளியூர் நண்பருக்குக் கையால் எழுத இந்தியத் தபாலில் மலிவான வழிகள் இவை இரண்டும்தான். 1879-இல் அறிமுகமான அஞ்சலட்டை 50 காசு. இன்லண்ட் இரண்டரை ரூபாய்.

"இங்கே நல்ல மழை, அம்மாவுக்குக் கால்வலி தேவலையா?" என்று விசாரிக்க அட்டையே போதும். ஆனால் கைக்குக் கிடைத்தவர் எல்லாம் படித்துவிடலாம்.

மனசில் இருப்பதைக் கொட்ட நீல இன்லண்ட்தான் சரி. மடித்து ஒட்டிவிட்டால் விஷயம் வெளியே போகாது. இடம் தீர்ந்தால் ஓரத்தில் நுணுக்கி எழுதலாம். பசை தடவும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள், பிரிக்கும்போது அந்த வரிதான் கிழியும். உள்ளே போட்டோ வைக்கக் கூடாது, அதற்குக் கவர்தான்.

நெருங்கிய நட்புக்கு நான் இன்லண்டையே சொல்வேன். எழுதச் சோம்பல் என்றால், நாலைந்து அட்டை வாங்கி முதலிலேயே முகவரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.