பாயும் குதிரை: ஓவியர் சொன்னதும் கேமரா சொன்னதும்

1821-இல் பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோ தீட்டிய, இங்கிலாந்தின் எப்சம் குதிரைப் பந்தய ஓவியத்தில், குதிரைகள் நான்கு கால்களையும் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு பறக்கின்றன. 1878-இல் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை நிறுத்திப் படமெடுத்தபோது, பாய்ச்சலில் அப்படியொரு நிலையே இல்லை என்று தெரிந்தது. நான்கு குளம்பும் தரையை விட்டு எழுவது உண்மைதான். ஆனால் அப்போது கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன.

அறிவியலுக்கு வழக்கு அத்தோடு முடிந்தது. சிற்பி ரோடின் விடவில்லை. நிஜத்தில் காலம் நிற்பதில்லை, ஆகவே புகைப்படம்தான் பொய் என்பது அவர் கட்சி. வீம்பு மாதிரி இருந்தாலும் இதில் விஷயம் இருக்கிறது. கால் மடங்கி உறைந்த குதிரை, படத்தில் ஓடுவதாகவே தெரிவதில்லை. ஜெரிகோ பல கணங்களை ஒரே உடலில் ஏற்றியிருக்கிறார். அவருக்கு வேண்டியிருந்தது வேகம். கால் எங்கே இருந்தது என்பதல்ல.

உணர்ச்சிக்குக் கலை, அறிவுக்கு அறிவியல் என்று பாகம் பிரிப்பதை நான் ஏற்பதில்லை. இரண்டும் உற்றுப் பார்ப்பவைதான். எது தவறு, அதை யார் திருத்தலாம் என்பதில்தான் அவை பிரிகின்றன. மைபிரிட்ஜின் முடிவைக் கேமரா உள்ள எவரும் சோதிக்கலாம். ஜெரிகோவின் குதிரையை எந்த அளவுகோலாலும் தோற்கடிக்க முடியாது.

இதில் ஆபத்தும் உண்டு. 1515-இல் ஜெர்மன் ஓவியர் டியூரர், தான் கண்ணால் பார்த்திராத காண்டாமிருகத்தை, பிறர் தந்த வர்ணனையையும் ஒரு கோட்டுப்படத்தையும் நம்பி மரச்செதுக்கு அச்சாக்கினார். உடலெங்கும் கவசத் தகடுகள், தோளருகே ஓர் உபரிக் கொம்பு. அபாரமான அழகு! இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பியர் மனதில் காண்டாமிருகம் என்றால் அதுதான்.

ஆனால் ஓவியக் கண் முந்திக்கொண்டதும் உண்டு. 1699-இல் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறிய ஓவியர் மரியா சிபில்லா மெரியன், புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி மூன்றையும் அந்தப் புழு தின்னும் செடியோடு சேர்த்தே வரைந்தார். பூச்சிகளை ஊசியில் குத்திப் பெட்டியில் அடுக்கியவர்கள் தவறவிட்ட உறவு அது.

நரம்புத் திசுவின் கதை இன்னும் சுவையானது. நுண்ணோக்கியில் நரம்புச் செல்கள் தெரியும்படி திசுவுக்குச் சாயமேற்ற இத்தாலிய விஞ்ஞானி கோல்ஜி கண்டுபிடித்த முறையைத்தான் ஸ்பானிய விஞ்ஞானி கஹாலும் பயன்படுத்தினார். கோல்ஜி கண்டது தொடர்ச்சியான ஒரு வலை. கஹால் வரைந்தது தனித்தனிச் செல்கள். 1906-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள், கருத்து மட்டும் ஒத்துப்போகவில்லை. கஹாலின் படங்கள் இன்று கலைக்கூடச் சுவர்களில் தொங்கும் அளவுக்கு அழகானவை. அந்த அழகு வழக்கைத் தீர்க்கவில்லை. 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி செல்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைக் காட்டிய பிறகே அது ஐயத்துக்கு இடமின்றித் தீர்ந்தது.