நியூ ஆர்டரின் 'சப்ஸ்டன்ஸ்': மூன்றாவது பாட்டு பற்றி ஒரு பஞ்சாயத்து

பங்க் என்ற முரட்டு ராக்குக்கு அடுத்து எழுபதுகளின் கடைசியில் கிளம்பிய பாப் வகைதான் நியூ வேவ். அதன் சிறந்த பாட்டுகள் என்று யார் பட்டியல் போட்டாலும் நியூ ஆர்டர் என்ற இங்கிலாந்துக் குழுவுக்கு ஒரு சீட்டு நிச்சயம். அந்தச் சீட்டில் 'ப்ளூ மண்டே' வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏன் என்று கேட்டால், உலகத்திலேயே அதிகம் விற்ற 12 இஞ்ச் சிங்கிள் (ஒரு பாட்டை முன்னிறுத்தித் தனியாக விடும் தட்டு) அதுதானே என்பார்கள். விற்றது சரி. ஆனால் அந்த இடம் 'டெம்ப்டேஷன்' பாட்டுக்குச் சேர வேண்டியது என்பது என் கட்சி. இதற்கு ஆதாரம் தேடி 'சப்ஸ்டன்ஸ்' இரட்டை சிடியை எடுத்தால் அதுவே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 1987-ல் வந்த தொகுப்புக்கு இத்தனை வருஷம் கழித்து விமர்சனம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இதுதான்.

நான் சவுண்ட் சர்வீஸ்காரன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் பாக்ஸ் கட்டுவேன். மண்டபத்தில் வயர் இழுத்து முடித்ததும் செக் பண்ணுவதற்கு நான் போடுவது இந்த சிடியின் நான்காவது பாட்டைத்தான். 'ப்ளூ மண்டே' ஆரம்பத்தில் கிக் டிரம்மின் 'தும்' அடி தனியாக வரும். முதலில் நிதானமாக, அப்புறம் கடகடவென்று அடுக்கடுக்காக. பேஸ் பாக்ஸில் கோன் கிழிந்திருந்தாலும், ஏதாவது ஒரு ஸ்க்ரூ லூசாக இருந்தாலும், முதல் பத்து செகண்டில் காட்டிக்கொடுத்துவிடும். சமையல்காரர்கள் எட்டிப் பார்த்து, "அண்ணே, மெசின் ஏதும் ரிப்பேரா?" என்று கேட்பார்கள். ஆக அந்தப் பாட்டின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அதை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

தொகுப்புக்கு வருவோம். நியூ ஆர்டர் மான்செஸ்டர் பக்கத்து இசைக்குழு. முன்பு ஜாய் டிவிஷன் என்ற பெயரில் இருந்தார்கள். பாடகர் இயான் கர்டிஸ் 1980 மே மாதம் தற்கொலை செய்துகொண்ட பிறகு, மிச்சமிருந்த பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹுக், ஸ்டீஃபன் மாரிஸ் மூன்று பேரும் பெயரை மாற்றிக்கொண்டு தொடர்ந்தார்கள். சீக்கிரமே கில்லியன் கில்பர்ட் சேர்ந்துகொண்டார். சிங்கிளாக விடும் பாட்டை ஆல்பத்தில் சேர்ப்பதில்லை என்பது பெரும்பாலும் அவர்கள் பழக்கம். ஆல்பங்களை மட்டும் வாங்கியவனுக்கு நல்ல பாட்டுகளில் பாதி கிடைக்காது. அந்தக் குறையைத் தீர்த்தது இந்தத் தொகுப்பு. இவர்கள் தட்டுகளை வெளியிட்ட ஃபேக்டரி கம்பெனியை நடத்திய டோனி வில்சன் புதிதாக வாங்கிய ஜாகுவார் காரில் சிடி பிளேயர் இருந்ததாம். அதில் போட்டுக் கேட்க இவர்களுடைய சிங்கிள் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதில் பிறந்தது என்று கதை சொல்வார்கள். முதல் தட்டில் 1981 முதல் 1987 வரையான பன்னிரண்டு பாட்டுகள், இரண்டாவதில் அவற்றின் பி சைடுகள், அதாவது சிங்கிள் தட்டின் பின்பக்கப் பாட்டுகள். வெள்ளை அட்டையில் பெயர் மட்டும், ஒரு படம் கிடையாது. பீட்டர் சாவில் வடிவமைத்தது.

வரிசை காலக்கிரமமாக இருப்பது இதன் பெரிய பலம். 'செரிமனி' முதலில். அது ஜாய் டிவிஷன் காலத்திலேயே எழுதிய பாட்டு, வரிகள் கர்டிஸுடையவை. சொற்களை எங்கும் எழுதி வைக்காததால், பழைய டேப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பிடித்தார்களாம். வெறும் கிட்டார், பேஸ், டிரம்ஸ். ஆறேழு வருஷம் தாண்டி கடைசியில் 'ட்ரூ ஃபெய்த்' வரும்போது பளபளவென்று பாலிஷ் போட்ட பாப். அது அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் முதல் நாற்பதுக்குள் நுழைந்த இவர்களுடைய முதல் பாட்டு. ஒரு கேரேஜ் பேண்டு படிப்படியாக மெஷினுக்குள் குடிபோவதை ஒரே மூச்சில் கேட்கலாம். அந்தப் பயணத்தில் சரியாக வாசற்படியில் நிற்கும் பாட்டுதான் 'டெம்ப்டேஷன்'.

என் வாதத்துக்கு அளவுகோல் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் சண்டை முடியாது. நியூ வேவ் என்ற பெயரே விற்பனைக்காகப் பரவியது. நியூயார்க்கில் சிபிஜிபி கிளப்பில் வாசித்த பேண்டுகளை பங்க் என்று சொன்னால் ரேடியோக்காரர்கள் தொடமாட்டார்கள் என்று, டாக்கிங் ஹெட்ஸை வைத்திருந்த சையர் கம்பெனியின் சீமூர் ஸ்டெய்ன் இந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார். 1981-ல் எம்டிவி ஆரம்பித்த பிறகு அமெரிக்காவில் சிந்தசைசர் தொட்டவன் எல்லாம் நியூ வேவ் என்று ஆகிவிட்டது. பிரிட்டனில் கேட்டால் 1977 முதல் 1979 வரை வந்த எல்விஸ் காஸ்டெல்லோ வகையறா மட்டும்தான் என்பார்கள். இரண்டு பக்கமும் எனக்கு ஒத்துவரவில்லை. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: மெஷினும் மனுஷனும் ஒரே பாட்டில் இருக்க வேண்டும், இருவரில் யார் ஜெயித்தார்கள் என்று தெரியக்கூடாது.

இதன்படி ப்ளாண்டியின் 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' உள்ளே. அடியில் ரோலண்ட் ரிதம் பெட்டி டிக்டிக் என்று ஓட, அதன் மேல் கிளெம் பர்க் கையால் டிரம்ஸ் அடிக்கிறார். கேரி நியூமனின் 'கார்ஸ்' உள்ளே. அதில் கிட்டாரே கிடையாது, ஆனால் டிரம்ஸும் பேஸும் ஆள் வாசித்தவை. எக்ஸ்டிசியின் 'மேக்கிங் ப்ளான்ஸ் ஃபார் நைஜல்' உள்ளே. அங்கே மனுஷனே மெஷின் மாதிரி அடிக்கிறான். ஹ்யூமன் லீகின் 'டோன்ட் யு வான்ட் மீ' அருமையான பாட்டு, ஆனால் முழுக்க முழுக்க மெஷின். அதற்கு சிந்த்பாப் (சிந்தசைசரை வைத்தே போடும் பாப்) பட்டியலில் ராஜமரியாதை கொடுங்கள், இங்கே வேண்டாம்.

அக்கா மகன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. பெங்களூரில் வேலை, வாரக்கடைசியில் வந்தால் இதே பேச்சுதான்.

"மாமா, 'ப்ளூ மண்டே' வந்த அப்புறம்தான் பாதி உலகம் அந்த மாதிரி அடிக்க ஆரம்பிச்சுது. அதைப் பாக்க வேணாமா?"

"அதத்தான் நானும் சொல்றேன் மாப்ள. அது டான்ஸ் மியூசிக்குக்குத் தாத்தா. தாத்தாவை அந்த வீட்டு போட்டோவுல மாட்டுங்க."

'ப்ளூ மண்டே'யைக் கழற்றிப் பார்த்தால் பாகங்கள் எல்லாம் கிளப் பாகங்கள். ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் டிரம் பெட்டி, டோனா சம்மர் பாட்டிலிருந்து பிடித்த அடி, கிராஃப்ட்வெர்க் தட்டிலிருந்து எடுத்த கோரஸ் குரல். ஏழரை நிமிடப் பாட்டில் பல்லவி என்று ஒன்று திரும்பி வராது. சம்னர் வாயைத் திறக்கவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதில் மனுஷன் எட்டிப் பார்ப்பது ஒரே இடத்தில்தான். கில்பர்ட் சீக்வென்சரில் (ஏற்றிவைத்த நோட்டுகளை வரிசையாகத் தானே ஓட்டும் பெட்டி) கையால் ஒவ்வொரு நோட்டாக ஏற்றும்போது ஒன்று விட்டுப்போய், மெலடி அடியோடு சேராமல் கொஞ்சம் தள்ளி ஓடுகிறது. அந்தத் தள்ளல்தான் பாட்டுக்கு உயிர். மற்றபடி மெஷின் ஒரு தலைப்பட்சமாக ஜெயித்த பாட்டு. இதை 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' என்ற பிபிசி டிவி நிகழ்ச்சியில் டேப் ஓடவிடாமல் நேரடியாக வாசிப்போம் என்று அடம்பிடித்துச் சொதப்பியதும் நடந்தது.

'டெம்ப்டேஷன்' இதற்கு முந்தைய வருஷம், 1982. அதுவரை கூட இருந்த ஹானெட் என்ற தயாரிப்பாளரை விட்டுப் பிரிந்து தாங்களே தயாரித்தது. சீக்வென்சர் ஒரு பக்கம் விடாமல் ஓடுகிறது, மாரிஸ் கையால் அடித்துக்கொண்டு அதைத் துரத்துகிறார். நல்ல ஹெட்போனில் கேளுங்கள்: சில இடத்தில் இவர் அரை மயிரிழை முந்துகிறார், சில இடத்தில் அது முந்துகிறது. ஹுக்கின் பேஸ் வழக்கம்போலக் கழுத்தின் மேல்பகுதியில், கிட்டார் மாதிரி மெலடி வாசிக்கிறது. ஆரம்ப காலத்தில் தன் ஆம்ப் சரியில்லை, உயரத்தில் வாசித்தால்தான் தனக்கே காதில் விழுந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். ஓட்டை ஆம்ப்போடு காலம் தள்ளிய எவனுக்கும் இது புரியும். சம்னருக்குச் சுருதி அவ்வளவு உறுதி கிடையாது. அப்படிப்பட்டவர் 'ஊ ஊ' என்று இழுத்துக்கொண்டே போய், உன் கண் பச்சையா நீலமா சாம்பலா என்று சின்னப்பிள்ளை மாதிரி கணக்கெடுக்கிறார். 12 இஞ்ச் பதிவில் ஒரு இடத்தில் அவர் அலறுவது கேட்கும். பாடிக்கொண்டிருக்கும்போது கூட இருந்தவர்கள் அவர் சட்டைக்குள் பனியைப் போட்டுவிட்டார்கள் என்று சொல்வார்கள். அதையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

இப்போது குறைக்கு வருகிறேன். 'சப்ஸ்டன்ஸ்' தட்டில் மூன்றாவதாக இருப்பது அந்த 'டெம்ப்டேஷன்' இல்லை. இந்தத் தொகுப்புக்காகவே அதையும் 'கன்ஃப்யூஷன்' பாட்டையும் புதிதாக வாசித்துப் பதிந்திருக்கிறார்கள். புதியது நேராக இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது, மெஷினும் ஆளும் சமாதானமாகி ஒரே கோட்டில் நடக்கிறார்கள். பழைய வீட்டுக்கு வெள்ளையடித்து, சுவரில் பென்சிலால் பிள்ளைகளின் உயரம் குறித்த கோட்டையும் சேர்த்து அழித்த மாதிரி. தனியாகக் கேட்டால் நல்ல பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலோர் 'டெம்ப்டேஷன்' என்று இதைத்தான் கேட்கிறார்கள், கேட்டுவிட்டு 'ப்ளூ மண்டே'க்கு ஓட்டுப் போடுகிறார்கள். 1982 பதிவு வேண்டுமென்றால் '1981–1982' என்ற ஐந்து பாட்டு இபியை (ஆல்பத்தைவிடச் சின்னத் தட்டு) தேடுங்கள். மருமகனுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். பாட்டு முடிந்ததும், "சரி, இது வேற" என்றான். ஓட்டை மட்டும் மாற்றவில்லை.

'பிசார் லவ் ட்ரையாங்கிள்' விஷயத்தில் தொகுப்பு செய்த மாற்றம் நல்லதுக்கு. இதில் இருப்பது ஷெப் பெட்டிபோனின் ரீமிக்ஸ், ஆல்பத்தில் இருப்பதைவிட உயரமும் அகலமும் அதிகம். பிரிட்டனில் இது நாற்பதுக்குள்கூட வரவில்லை என்றால் நம்ப முடிகிறதா? 'தி பெர்ஃபெக்ட் கிஸ்' பாட்டில் நடுவே தவளை கத்தும், சிரிக்காதீர்கள், தவளைச் சத்தத்தை சாம்ப்ளரில் (பதிந்த சத்தத்தை வாசிக்க வைக்கும் பெட்டி) ஏற்றியது. சினிமா இயக்குநர் ஜோனதன் டெமி எடுத்த அதன் வீடியோவையும் பாருங்கள். ஒத்திகை அறையில் நான்கு பேர் வாசிக்கிறார்கள், கேமரா முகத்தையும் விரலையும் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எந்தக் கம்பி எப்போது அதிர்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை. சிடியில் இடம் போதாமல் இந்தப் பாட்டின் கடைசியைச் சுருக்கியிருக்கிறார்கள் என்பது எரிச்சல். 'ஷெல்ஷாக்', 'ஸ்டேட் ஆஃப் தி நேஷன்' இரண்டும் வரும்போது டீ போட எழுந்து போகலாம்.

இரண்டாவது தட்டு கலவை. இன்ஸ்ட்ருமென்டல் ரகங்களைத் தாண்டிவிடலாம். 'இன் எ லோன்லி ப்ளேஸ்', 'ப்ரொசெஷன்', 'ஹர்ட்', '1963' நான்கும் போதும். 'லோன்சம் டுநைட்' ராத்திரி லோடு இறக்கிவிட்டு வண்டியில் திரும்பும்போது கேட்க நன்றாக இருக்கும்.

இன்னொரு பஞ்சாயத்து பாக்கி. மருமகன் தன் பட்டியலில் தி க்ளாஷின் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டைச் சேர்த்திருந்தான். க்ளாஷ் பங்க் ஆயிற்றே என்றேன். "அந்த கிட்டாரை எடுத்துத்தானே நம்ம மாயா 'பேப்பர் ப்ளேன்ஸ்' போட்டாங்க" என்றான். யாழ்ப்பாணத்தில் பிள்ளைப்பருவத்தைக் கழித்து லண்டனில் ஆளான எம்.ஐ.ஏ.வைச் சொல்கிறான். 1982 பாட்டின் தொடக்கம் 2007-ல் அவர் பாட்டின் முதுகெலும்பாகி உலகம் சுற்றியது. அளவுகோலை இந்த ஒரு தடவை ஓரமாக வைத்துவிட்டுச் சரி என்றேன்.

வாங்குபவர்களுக்கு: எல்பி எடுத்தால் பன்னிரண்டு சிங்கிள்கள் மட்டும், பி சைடு தட்டு கிடையாது. அதனால் சிடியே லாபம். 2023-ல் ரீமாஸ்டர் செய்து மறுபடி விட்டார்கள். நான் அதைக் கேட்டது மருமகனின் போனில், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். செகண்ட் ஹேண்டில் பழைய சிடி கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம், சத்தம் குறைவாகப் பதிந்திருப்பார்கள், வால்யூமைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஐந்துக்கு நான்கு ஸ்டார். குறைத்த ஒன்று மூன்றாவது பாட்டுக்கு.