கீழமாசி வீதியின் கல்லாவில் ஜிடிகே 4

மதுரை கீழமாசி வீதியில் உள்ள ஒரு மளிகை மொத்தக் கடைக்கு நான் எழுதிக் கொடுத்த பில்லிங் நிரல், சில ஆண்டுகளாக ஜிடிகே 3இன் மேல் ஓடிக்கொண்டிருந்தது; ஜிடிகே (GTK) என்பது சாளரம், பொத்தான், பட்டியல் போன்றவற்றை நிரலுக்கு அமைத்துத் தரும் கருவித்தொகுப்பு. கல்லாவில் லினக்ஸ், உள்ளறையில் கணக்கு எழுதும் பெரியவரிடம் விண்டோஸ் என்று அங்கே இரண்டு வகைக் கணினிகள் உண்டு. ஒரே நிரல் இரண்டிலும் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். முகூர்த்தங்கள் இல்லாத ஆடி மாதத்தில் அதை நான்காம் பதிப்புக்கு மாற்றினேன். அதன் அழகைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். என் உழைப்பில் பெரும்பகுதியை விழுங்கியது சாளரங்களையும், விசைத்தட்டல், சொடுக்கு போன்ற நிகழ்வுகளையும் அது கையாளும் முறை என்பதால், இந்த மதிப்புரை அதைப் பற்றியது மட்டுமே.

கிம்ப் என்னும் படத்தொகுப்பு மென்பொருளுக்காக 1990களில் பிறந்த இத்தொகுப்பு, தொடக்கத்தில் லினக்ஸ் போன்றவற்றில் திரையையும் சாளரங்களையும் நிர்வகிக்கும் எக்ஸ் சர்வரின் நிழலிலேயே வளர்ந்தது. பொத்தான், பெட்டி என்று சொடுக்கை வாங்க வேண்டிய உறுப்பு ஒவ்வொன்றும் சர்வரிடம் தனக்கென ஒரு சாளரம் வைத்திருக்கும். சுட்டி எதன் மேல் நிற்கிறது என்பதையும் சர்வரே சொல்லும். 2009இல் வந்த 2.18 பதிப்பு இந்த உட்சாளரங்களை நிரலின் பக்கம் இழுத்துக்கொண்டது. 2020 டிசம்பரில் வெளியான 4.0, அவற்றை அடியோடு நீக்கிவிட்டது. இப்போது மிஞ்சியிருப்பது ‘சர்ஃபேஸ்’ என்னும் பரப்பு ஒன்றே: முதன்மைச் சாளரத்துக்கு ஒன்று, மேலெழும் பட்டியலுக்கு ஒன்று. மற்ற உறுப்புகள் எல்லாம் அந்தப் பரப்பின் மேல் வரையப்படுபவை.

இதனால் எனக்குக் கிடைத்த முதல் லாபம், ‘ஈவண்ட் பாக்ஸ்’ என்னும் தொல்லை ஒழிந்தது. முன்பு வெறும் எழுத்துப்பட்டைக்கும் படத்துக்கும் சொந்தச் சாளரம் கிடையாது; ஆகவே, விலையைத் தொட்டால் திருத்தும் பெட்டி திறக்க வேண்டுமென்றால், அந்த விலையை ஒரு கண்ணுக்குத் தெரியாத பெட்டிக்குள் போட்டு வைக்க வேண்டியிருந்தது. இப்போது எந்த உறுப்பிலும் சொடுக்கைக் கவனித்து நிரலுக்குச் சொல்லும் ஒரு ‘கட்டுப்பாட்டை’ (controller) சேர்த்தாலே போதும்.

நிகழ்வுகளின் பக்கம் மாற்றம் இன்னும் ஆழமானது, வலியும் அங்கேதான் அதிகம். உறுப்போடு நேரடியாக இணைக்கப்பட்டிருந்த பழைய சமிக்ஞைகள் போய்விட்டன. விசைக்கும், சுட்டி நகர்வுக்கும், உருட்டலுக்கும், சொடுக்குக்கும் தனித்தனிக் கட்டுப்பாடுகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் நிகழ்வைப் பார்க்கும் என்பதை நாமே தீர்மானிக்கலாம்: எல்லா உறுப்புகளையும் தாங்கும் மேல்சாளரத்திலிருந்து கீழிறங்கும்போதா, சேர வேண்டிய உறுப்பை அடையும்போதா, அல்லது திரும்ப மேலே ஏறும்போதா என்று.

இதைச் சரியாகப் படிக்காமல் மாற்றியதன் பலன் முதல் நாளே கிடைத்தது. “தம்பி, ஸ்கேனர் கீக்குன்னு கத்துது, ஆனா பில்லுல ஒண்ணும் ஏறலையே” என்றார் கணக்கர். பார்கோடு ஸ்கேனர் என்பது கணினியைப் பொறுத்தவரை இன்னொரு விசைப்பலகை. பதின்மூன்று இலக்கங்களைத் தட்டி, கடைசியில் என்டரையும் தட்டும். மூன்றாம் பதிப்பில் விசை நிகழ்வு மேல்சாளரத்துக்கு முதலில் வரும் என்பதால், அங்கே நான் வைத்திருந்த செயற்கூறு இலக்கங்களை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. நான்காம் பதிப்பில் கட்டத்தைக் குறிப்பிடாவிட்டால் மேலேறும் கட்டம் என்றே கொள்ளப்படும்; எனவே கர்சர் நின்ற பெட்டி எல்லா இலக்கங்களையும் தானே விழுங்கிவிட, மேல்சாளரத்துக்கு எதுவும் வந்து சேரவில்லை. கீழிறங்கும் கட்டத்துக்கு மாற்றும் ஒரே வரியில் அது சரியானது. ஆனால் அந்தக் கட்டத்தில், விசைகளைத் தமிழ் எழுத்துகளாக்கும் உள்ளீட்டு முறைக்கும் முன்பே விசை என் கைக்கு வருவதால், கண்டதையெல்லாம் பிடித்தால் தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் சரக்கின் பெயரைத் தட்டுபவருக்கு எழுத்துகள் காணாமல் போகும். ஸ்கேனரை ஒரு முன்குறி அனுப்பும்படி அமைத்து, அக்குறியிலிருந்து என்டர் வரை மட்டும் பிடிக்குமாறு எழுதிய பிறகுதான் இரண்டும் சண்டையின்றி ஓடின. முன்பு தற்செயலாக நடந்துகொண்டிருந்ததை இப்போது தெரிந்தே எழுத வேண்டியிருக்கிறது என்பதால், இந்த வடிவமைப்பைச் சிறந்தது என்றே சொல்வேன்.

உரையாடல் பெட்டி மூடும்வரை நிரலை நிறுத்தி வைக்கும் பழைய அழைப்பும் நீக்கப்பட்டிருக்கிறது. பில்லை ரத்து செய்யலாமா என்று கேட்டு வாங்கிய இடங்களையெல்லாம் பின்னழைப்புகளாக, அதாவது பதில் வந்த பிறகு ஓடும் தனிச் செயற்கூறுகளாக, உடைத்து எழுத வேண்டியிருந்தது. சலிப்பான வேலை, ஆனால் நியாயமானது. அந்தப் பழைய அழைப்பு உள்ளுக்குள் இன்னொரு நிகழ்வுச் சுழலை ஓட்டி, எதிர்பாராத நேரத்தில் மற்ற நிகழ்வுகளை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

சாளரத்தைத் திரையில் இன்ன இடத்தில் வை என்று சொல்லும் வசதியையும், எப்போதும் மேலே நிறுத்து என்று சொல்லும் வசதியையும் எடுத்துவிட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. லினக்ஸில் எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்டில் நிரல் தன் இடத்தைத் தானே குறிக்க முடியாது என்பது உண்மை. அதற்காக, முடிகிற விண்டோஸிலும் எக்ஸிலும்கூட அதை மறுப்பது, ஒருவருக்குப் பத்தியம் என்று பந்தியில் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றுவது போலிருக்கிறது. வாடிக்கையாளர் பார்க்கும் இரண்டாம் திரைக்கு மட்டும் வழி கிடைத்தது. குறிப்பிட்ட திரையில் முழுத்திரையாக விரிக்கும் அழைப்பு இன்னும் இருக்கிறது.

பழைய வரைகலைச் சில்லு உள்ள கணினிகளில் வரைதல் தடுமாறினால், நிரலைத் தொடங்கும்போது கொடுக்கும் ‘சூழல் மாறி’ என்னும் அமைப்பு வழியாக, வரைகலைச் சில்லை நம்பாத கெய்ரோ வரைவிக்கு மாற்றிக்கொள்ளலாம். உள்ளறை விண்டோஸ் கணினி அப்படித்தான் ஓடுகிறது. புதிதாக எழுதத் தொடங்குபவர் தயங்காமல் நான்காம் பதிப்பையே எடுக்கலாம். இடம் குறித்த சிறுசாளரங்களை நம்பியிருக்கும் நிரல் வைத்திருப்பவர் பொறுத்திருப்பது நல்லது. கல்லாத் திரையின் வலது மூலையில் அன்றைய பருப்பு, எண்ணெய் விலைகளைக் காட்டும் என் சிறுசாளரம், எக்ஸ் அமர்வில் ஜிடிகே 3இன் மேல் தனி நிரலாகவே இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.